சால்மனும் சாமானியனும்

மீன் பிடித்தது மச்சினன். முள் குத்தியது எனக்கு.

சிகாகோவில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் என் ஒரே மச்சினன் போன ஆகஸ்டில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கூலிங் கிளாஸ், ஆரஞ்சுக் கலரில் மிதவைச் சட்டை, இரண்டு கைகளிலும் பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி ஒரு மீன். பிறந்த குழந்தை என்று சொன்னது தப்பு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு மீன். கீழே ஒரு வரி: 'பதினெட்டுப் பவுண்டு சால்மன், அத்தான்!'

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

என் மாமனார் அந்தப் போட்டோவைப் பால்காரரிடம் காட்டினார். கேஸ் சிலிண்டர் போட வந்த பையனிடம் காட்டினார். ரேஷன் கடை க்யூவில் முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் காட்டினார். காட்ட ஆள் இல்லாத ஒரு சாயங்காலம், ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, நீங்க எப்பவாச்சும் மீன் பிடிச்சிருக்கீகளா?"

"பிடிச்சிருக்கேன் மாமா. ஞாயித்துக்கிழமை தவறாம. செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பா இருந்தா..."

"அது வாங்குறது."

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் என் ஜோக் எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

விஷயம் என்னவென்று மச்சினனிடமே போனில் விசாரித்தேன். அங்கே 'சார்ட்டர் போட்' என்று ஒன்று. முழு நாள் வாடகைப் படகு. பெரும்பாலும் ஆறு பேர் வரை ஏற்றுவார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். ஒரு கேப்டன், அவருக்கு ஓர் உதவியாள். மீன் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்பதைக் கேப்டன் கருவியில் பார்த்துச் சொல்கிறார். உதவியாள் பத்துப் பன்னிரண்டு தூண்டில்களைக் கட்டி, கனமான குண்டு மாட்டிய கம்பியோடு அந்த ஆழத்துக்கு இறக்கிவிடுகிறார். படகு மாட்டுவண்டி வேகத்தில் ஊர்கிறது. தூண்டில் வளைந்ததும் உதவியாள் அதைப் பிடுங்கி நம் கையில் கொடுக்கிறார். நாம் சக்கரத்தைச் சுற்றுகிறோம். பக்கத்தில் வந்ததும் அவரே வலைக்கரண்டி போட்டு அள்ளுகிறார். போட்டோ எடுக்கிறார். கரைக்கு வந்ததும் அவரே அரிந்து, முள் நீக்கி, பொட்டலம் கட்டித் தருகிறார்.

"அப்ப நீ என்னடா பண்ணினே?"

"காசு குடுத்தேன் அத்தான். தலைக்கு நூத்தியம்பது டாலர். உதவியாளுக்கு டிப்ஸ் தனி."

பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல்! அந்தக் காசுக்கு புதுக்கோட்டை மார்க்கெட்டில் வஞ்சிரமாகவே வாங்கித் தெருவுக்கே விருந்து வைக்கலாம். இதை மாமனாரிடம் சொன்னேன். "பிடிக்கிறதுக்குத்தான மாப்பிள்ளை காசு, திங்கிறதுக்கா?" என்றார். நியாயம்தான். நாம் கிரிக்கெட் பார்க்கப் போவது பந்து வாங்கவா?

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது என்னை மட்டம் தட்டினால் அந்த விஷயத்தைத் துருவிப் படித்துவிடுவேன். (இதனாலேயே சர்க்கரை வியாதி, ஷேர் மார்க்கெட், வாஸ்து மூன்றிலும் எனக்கு நல்ல ஞானம்.) அவன் போன மிச்சிகன் ஏரி சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடு மொத்தமே 1,30,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே ஏரி! ஆழமான இடத்தில் 281 மீட்டர். நம் முன்னோர்களோ ஒரு கண்மாயை வெட்டி அதற்குச் 'சமுத்திரம்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனவர்கள். நமணசமுத்திரம் என்று ஊரே இருக்கிறது. அவர்கள் மிச்சிகனைப் பார்த்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பார்களோ, தெரியாது.

இன்னொன்றும் படித்தேன். அதைப் படித்ததும் கொஞ்சம் நிம்மதி வந்தது. இந்தச் சால்மன் அந்த ஏரியின் மீனே கிடையாது! அது பசிபிக் கடல்காரன். அட்லாண்டிக் பக்கத்திலிருந்து கால்வாய் வழியாக 'ஏல்வைஃப்' என்ற ஒரு பொடிமீன் ஏரிக்குள் புகுந்து, தின்ன ஆள் இல்லாமல் பெருகி, 1967 கோடையில் கோடிக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கி, சிகாகோவே மூக்கைப் பிடித்துக்கொண்டதாம். அந்தப் பொடிமீனைத் தின்பதற்காக, எலிக்குப் பூனை மாதிரி, 1966-லும் 1967-லும் சால்மன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். பூனை கொழுத்தது. பூனையைப் பிடிக்கப் படகு வந்தது. படகில் என் மச்சினன்.

"மாமா, அது அந்த ஏரி மீனே இல்லை. வெளியூர்க்காரன்."

"ஏன், நம்ம ஜிலேபிக் கெண்டை மட்டும் உள்ளூர்க்காரனா?" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிஜம்தான். நம் குளத்து ஜிலேபி ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்கு வந்து, ரேஷன் கார்டு வாங்கி, ஓட்டுப் போடுகிற அளவுக்குச் செட்டிலாகிவிட்டது. மாமனாரிடம் ஜெயிக்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சால்மனுக்குச் சால்மன் என்று நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் வலையில் விழும் காலா மீனைத்தான் பெரிய ஹோட்டல் மெனு கார்டில் 'இந்தியன் சால்மன்' என்று போட்டு விலையை ஏற்றுகிறார்கள். கடலுக்குப் போய் ஒரு காலாவோடு போட்டோ எடுத்துப் பழிதீர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை. ஜெகதாப்பட்டினத்தில் விசாரித்தபோது ஒரு படகுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், இது உல்லாசப் படகு இல்லை. டோக்கன் வாங்கித்தான் கடலுக்குப் போகணும். போற எங்க ஆளுகளே எல்லைத் தகராறுல மாட்டி அந்தப் பக்கம் ஜெயில்ல இருக்காக. உங்களைக் கூட்டிட்டுப் போயி உங்க வீட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். விளையாட்டுக்குக் கேட்ட எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஒரு கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் நண்பர் வைகாசியில் ஒரு நாள் என் மேஜைப் பக்கம் வந்தார்.

"சார், வர்ற ஞாயித்துக்கிழமை எங்க கண்மாய் அழியுது. வர்றீகளா?"

கண்மாய் அழிவதற்கு ஏன் இவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அழிப்பு என்றால் மீன்பிடித் திருவிழா. புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்னதும் பெரியதுமாக ஐயாயிரத்துக்கு மேல் கண்மாய், குளம், ஏந்தல். அறுவடை முடிந்து, கோடையில் தண்ணீர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இறங்கியதும், ஊர் கூடி ஒரு நாள் குறித்து, சுற்றுவட்டாரத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் இறங்கலாம். என்ன ஜாதி, எந்த ஊர் என்று கேள்வி கிடையாது. பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே ஒரு நிபந்தனை, விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த மழைக்குக் கண்மாய் நிறையும் என்று நம்பிக்கை.

வீட்டில் வந்து சொன்னேன். மாமனார் ஈஸிசேரிலிருந்து எழுந்தார். எழுந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பரணில் கையை விட்டார். பழைய ரேடியோ, உடைந்த தொட்டில், எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து ஒரு பொருளை உருவினார்.

ஊத்தா.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அடிப்பக்கம் அகலமாக, மேல்பக்கம் கை நுழைகிற அளவுக்குக் குறுகலாக, மேலும் கீழும் திறந்த ஒரு கூடை. மூங்கில் சிம்புகளைச் சேர்த்துக் கட்டியது. தண்ணீரில் நடந்துகொண்டே 'சதக் சதக்' என்று சேற்றில் குத்திக்கொண்டு போக வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் கூடைச் சுவரில் முட்டும். கைக்குத் தெரியும். உடனே மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். கருவி, கேப்டன், உதவியாள் எல்லாம் அந்த ஒரு கைதான்.

மாமனாரும் கிராமத்துக்காரர். மகன் அமெரிக்கா போக வேண்டும் என்பதற்காகக் கண்மாய்க்குக் கீழே இருந்த இரண்டு ஏக்கர் வயலை விற்றவர். வீட்டையும் விட்டு எங்களோடு வந்தபோது அவர் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, மாமியாரின் படம், இந்த ஊத்தா. வயசு எழுபத்து நாலு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா கரையில உக்கார்ந்து பார்க்கட்டும். தண்ணியில இறங்கக் கூடாது. அவர் தண்ணிக்குள்ள இறங்கினார்னு தெரிஞ்சுது, நீங்க வீட்டுக்குள்ள ஏற வேண்டாம்."

"சத்தியமா இறங்க மாட்டேம்மா" என்று மாமனார் ஹாலிலிருந்தே குரல் கொடுத்தார். காது கேட்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த மனிதர்.

காலை நாலு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். நான் ஓட்ட, மாமனார் பின்னால் ஊத்தாவை மடியில் வைத்துக்கொண்டு. பொன்னமராவதி பக்கம் ஒரு கிராமம். சாலையில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் டூ வீலர், டாட்டா ஏஸ், டிராக்டர். எல்லாவற்றிலும் வலை, கூடை, தூரி, கச்சா. ஒரு பைக்கில் கொசுவலை. இன்னொருவர் மனைவியின் நைலக்ஸ் புடவையைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தார். அது மனைவிக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். அவரவர் குடும்ப விஷயம்.

கண்மாய்க் கரையில் ஏறினதும் மலைத்துப்போனேன். இருட்டில் கரை முழுக்கத் தலைகள். ஆயிரமா, இரண்டாயிரமா, எண்ண முடியவில்லை. இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற நம் ஜனம்தான்! காத்துக்கொண்டு நிற்கிறது.

நண்பரின் அப்பாதான் ஊரில் மூத்தவர். வெள்ளைத் துண்டை வீச வேண்டியவர் அவர். ஆனால் மடைப் பக்கம் ஏதோ வாக்குவாதம். நண்பர் காதைக் கடித்தார். இரண்டு வருஷமாக இந்தக் கண்மாயில் திருவிழா இல்லையாம். பாசிக் குத்தகை ஏலம் போயிற்று. எடுத்தவர் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்த்து, பெரிய வலையை இழுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றிவிட்டார். தப்பில்லை, காசு கட்டியவர் அவர். ஆனால் ஊர்ப் பையன் தூண்டிலோடு நின்றால்கூட விரட்டினார்களாம். இந்த வருஷம் ஊரே தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூல் போட்டுக் குத்தகையைத் தானே எடுத்துவிட்டது. அதற்காகத் திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பையன்கள் பணம் அனுப்பியிருக்கிறார்கள்.

(குத்தகை ஒன்றும் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. ஏரி மீனுக்கான வருமானம் 'பாசிப்பாட்டம்' என்று பழைய கல்வெட்டுகளிலேயே வருகிறது. மீன் இருக்கும் இடத்தில் ரசீதும் இருந்திருக்கிறது.)

இப்போது தகராறு அதில்தான். இளவட்டம் ஒன்று சொன்னது: "காசு போட்டது நாம. வெளியூர்க்காரவுக எதுக்கு? நம்ம ஊர் மட்டும் இறங்குவோம். மிச்சம் இருந்தா அவுக இறங்கட்டும்."

நான் நைசாக நாலடி பின்னால் நகர்ந்தேன். என் ஸ்கூட்டர் நம்பர் பிளேட் தெரிந்துவிடுமோ என்று பயம்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மீசையைத் தடவினார். "2016-ல மழை பொய்ச்சப்ப இதே கண்மாயில நீங்கள்லாம் கிரிக்கெட் ஆடுனீக. அடுத்த வருஷம் அம்மனுக்குப் பால் எடுத்து மழை கேட்டமே, நம்ம ஊருக்கு மட்டும் பெய்யுன்னா கேட்டோம்? வரத்து வாய்க்கால் நாலு ஊர் எல்லை தாண்டித்தான நம்ம கண்மாய்க்கு வருது? அவுக அடைச்சா?" என்றார்.

பையன் பதில் சொல்லவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். சமாதானம் ஆனானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நகர்ந்துவிட்டான்.

கிழக்கே வெளுத்தது. பெரியவர் கலுங்கில் ஏறி நின்று, சாமியைக் கும்பிட்டு, துண்டை உதறி வீசினார்.

ஐயோ! அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? 'ஹோ'வென்று ஒரு கூச்சல். கரையே சரிந்து தண்ணீருக்குள் விழுந்த மாதிரி இருந்தது. என்னை யாரும் இறக்கவில்லை. நானாகவும் இறங்கவில்லை. ஆனால் அரை நிமிஷத்தில் நான் தண்ணீரில் இருந்தேன். ஒரு செருப்பு போயிற்று. இன்னொன்றை நானே கழற்றிக் கடாசினேன், ஒற்றைச் செருப்பால் யாருக்கு லாபம்?

'குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறான்' என்று ஆபீஸில் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்கிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை விஞ்ஞானம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தன் இறங்கினால் மீன் ஓடிவிடும். ஆயிரம் பேர் இறங்கிக் கலக்கினால் தண்ணீரெல்லாம் சேறாகி, மீனுக்கு மூச்சு முட்டி, மேலே வந்து வாயைத் திறக்கிறது. கெண்டை துள்ளுகிறது. என் பக்கத்தில் ஒரு பாட்டியம்மாள் முறத்தால் புடைப்பது போல ஒரு கூடையை வைத்து அள்ளிக்கொண்டே போனார். நான் கொண்டுபோன பிளாஸ்டிக் வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். பத்து நிமிஷத்தில் கண்மாயில் பாதி என் வாளி வழியாகப் போய் வந்திருக்கும். மீன்தான் வரவில்லை.

கடைசியில் காலுக்கடியில் வழவழவென்று ஒன்று. குனிந்து லபக்கென்று பிடித்தேன்.

"சார், விடுங்க! கெளுத்தி!" என்று யாரோ கத்தினார்கள்.

கெளுத்திக்கு மீசை மட்டும் இருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செவுளுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் முதுகில் ஒன்றுமாக முள் இருக்கிறது. அதில் ஒன்று என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். தேளே பரவாயில்லை என்று தோன்றும். கரைக்கு ஓடினேன். அங்கே சைக்கிளில் டீ விற்றுக்கொண்டிருந்தவர் என் கையைப் பிடித்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீரை ஒரு டம்ளரில் ஊற்றி, விரலை அதற்குள் முக்கச் சொன்னார். சூடு பட்டால் அந்த விஷம் அடங்குமாம். ஐந்து நிமிஷத்தில் வலி கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமனார்?

உட்கார வைத்த புளியமரத்தடியில் அவருடைய துண்டு இருந்தது. செருப்பு இருந்தது. மடித்து வைத்த சட்டை இருந்தது. சட்டைப் பையில் ஸ்டென்ட் மாத்திரை இருந்தது. அவர் இல்லை. ஊத்தாவும் இல்லை.

வலியெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் ஓடினேன். எங்கே பார்த்தாலும் சேறு பூசிய தலை. எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே முகம். "மாமா! மாமா!" என்று கத்தினால் நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கிறார்கள். கண்மாயில் பாதிப் பேர் யாருக்காவது மாமாதானே! மனைவி முகம் கண் முன்னால் வந்தது. சிகாகோவுக்கு என்னவென்று போன் பண்ணுவது? 'உன் அப்பா...' என்று ஆரம்பித்து அதற்கு மேல் யோசிக்க முடியாமல் நின்றேன். என் வாழ்க்கையில் அந்தக் கால் மணி நேரத்தை யாராவது திருப்பி வாங்கிக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

கண்மாயின் நடுவில் இல்லை, ஓரத்தில், கோரைப் புல் பக்கம் தனியாக ஓர் உருவம். இடுப்பளவு தண்ணீர். அசையாமல் நிற்கிறது. முன்னால் ஊத்தா. ஓடினேன். அவர் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டடி தள்ளி 'புளுக்' என்று ஒரு குமிழி.

விரால், மற்ற மீன் மாதிரி இல்லை. மேலே வந்து காற்றை முழுங்கிவிட்டுப் போகும் மீன். எத்தனை கலக்கினாலும் அது மூச்சு முட்டிச் சாகாது, சேற்றில் புதைந்து கிடக்கும். அதனால்தான் கூட்டம் கெண்டையை அள்ளிக்கொண்டிருந்தபோது இவர் ஓரத்தில் குமிழிக்காகக் காத்திருந்தார். 'சதக்.' ஊத்தா இறங்கியது. கையைத் தோள் வரைக்கும் விட்டார். கன்னம் தண்ணீரில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி ஒரு முகம். வெளியே எடுத்தபோது கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்.

"மாமா, இறங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்களே?"

"சத்தியமா 'இறங்க மாட்டேம்மா'ன்னு சொன்னேன் மாப்பிள்ளை. வழுக்கிருச்சு."

கரையேற்றி உட்கார வைத்து, மாத்திரை கொடுத்து, தலையைத் துவட்டினேன். நாடி பிடித்துப் பார்த்தேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது, இருந்தாலும் பார்த்தேன். என்னுடையதைவிட அவருடையது நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

மணி ஏழரை. அங்கே சனிக்கிழமை ராத்திரி ஒன்பது. வீடியோ கால் போட்டேன். மச்சினன் சோபாவில் சாய்ந்தபடி "சொல்லுங்க அத்தான்" என்றான். போனை மாமனார் பக்கம் திருப்பினேன். சேறு பூசிய அப்பா, மடியில் விரால், பின்னால் ஆயிரம் தலை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்பா... அது நம்ம ஊத்தாவா?"

"ஆமாடா. உன் பட்டணத்துல இது விக்கிறானா?"

அவன் சிரிக்கவில்லை. "கொஞ்சம் தண்ணியக் காட்டுங்க அத்தான்" என்றான். காட்டினேன். "கரைப் பக்கம்." காட்டினேன். "அந்தக் கலுங்கு..." அது அவனுடைய ஊர்க் கண்மாய் இல்லை. அவனுக்கும் தெரியும். எல்லாக் கண்மாயும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. ரெண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. இதற்கு நூற்றைம்பது டாலர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான் என்று நினைக்கிறேன். சிக்னல் போய்விட்டது.

கிளம்பும்போது என் வாளி காலி. மாமனார் பையில் விரால் ஒன்று. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? பக்கத்தில் கூடை நிறைய வைத்திருந்த ஒருவரிடம் போய், தணிந்த குரலில், "ரெண்டு கிலோ... என்ன விலைன்னாலும்..." என்று இழுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வெந்நீர் டம்ளர் தேவலை.

"இன்னிக்கு விக்கக் கூடாது சார். தெரியாதா?"

தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டரைத் தள்ளினேன். பின்னாலிருந்து ஒரு பொடியன், பத்து வயசு இருக்கும், ஓடி வந்து என் வாளியில் எதையோ கொட்டினான். ஆறேழு கெண்டை, ஒரு குரவை, கொஞ்சம் அயிரை. "அப்பா குடுக்கச் சொன்னாக. கண்மாய்க்கு வந்தவுக வெறுங்கையோட போகக் கூடாதாம்" என்றான். நன்றி சொல்லத் திரும்புவதற்குள் ஓடிவிட்டான். கூடைக்காரர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

வழியில் ஆஸ்பத்திரியில் கட்டைவிரலுக்கு ஒரு டி.டி. ஊசி. ஒரு ஜோடி செருப்பு நஷ்டம். பெட்ரோல் தனி. கிலோவுக்கு என்ன அடக்கம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சால்மனை நெருங்கவில்லை என்பதில் ஒரு திருப்தி.

வீட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். முதலில் அப்பாவின் தலையைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வழியில் இரண்டு தடவை துவட்டியிருந்தேன். பிறகு வேட்டியைப் பார்த்தாள். காருக்கு வழிவிடும்போது சேறு அடித்தது என்று நான் சொல்ல வேண்டியது. அந்த வசனத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன், மறந்துபோயிற்று.

அதற்குள் அவள் வாளியைப் பார்த்துவிட்டாள்.

"இதெல்லாம் யார் பிடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "மாப்பிள்ளைதாம்மா. நான் கரையை விட்டு அசையலையே. அவுகளே பிடிச்சாக. விரால் உள்பட."

என் மனைவி என்னைப் பார்த்தாள். வீங்கின கட்டைவிரலைப் பார்த்தாள். அப்பாவின் கை முட்டியில் ஊத்தாச் சிம்பு கீறின கோட்டையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், "புளி கொஞ்சம் கூடுதலா ஊற வைக்கணும்" என்றாள்.